குடியை நிறுத்திவிட்டு வா

1969 செப்டம்பர். பாஸ்டன் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் சாரா ஹேலி என்ற இளம் சமூகப் பணியாளர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அவர் முன் வந்து உட்கார்ந்தவர் வியட்நாமிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய். தூக்கம் போய்விட்டது, உடம்பு பதறுகிறது. மை லாய் என்ற ஊரில் தன் படைப்பிரிவு பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றது என்றார். தான் சுடவில்லை என்றார். வெளியே சொன்னால் தீர்த்துக்கட்டிவிடுவதாகக் கூட இருந்தவர்களே மிரட்டினார்கள் என்றார். அன்றைய கூட்டத்தில் மருத்துவர்கள் நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: பிரமைகளோடு கூடிய மனச்சிதைவு. அந்த ஆள் சொல்வதை உண்மை என்று எடுத்துக்கொண்டால் பைத்தியத்தின் அறிகுறி வேறு எதுவுமே இல்லையே என்று ஹேலி வாதாடிப் பார்த்தார். சிரித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ் எழுதிய செய்தியில் மை லாய் படுகொலை உலகத்துக்குத் தெரியவந்தது.

ஹேலியின் தந்தை இரண்டாம் உலகப் போரில் இருந்தவர். போரில் என்னென்ன நடக்கும் என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பெண் என்பதால்தான் அவரால் அந்தச் சிப்பாயை நம்ப முடிந்தது. 1974இல் அவர் எழுதிய கட்டுரை, கொடுமை செய்ததாகவோ கண்டதாகவோ ஒரு நோயாளி சொல்லும்போது சிகிச்சை தருபவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்பதைப் பற்றியது.

முகத்தைத் திருப்புவதில் இன்னொரு விதமும் உண்டு. அது சாந்தமானது, அக்கறை போலவே தோன்றுவது. "நீ சொல்வதைக் கேட்கிறேன். முதலில் குடியை நிறுத்திவிட்டு வா." போரின் காயத்தோடு குடியோ ஹெராயினோ சேர்ந்துகொண்ட அமெரிக்க முன்னாள் வீரர்களுக்குப் பல பத்தாண்டுகள் இந்தப் பதில்தான் கிடைத்தது.

காயத்துக்கு ஒரு பெயர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. 1970இன் கடைசியில் நியூயார்க்கில், போரை எதிர்த்த வியட்நாம் வீரர்களின் சங்கம் கூட்டிய சந்திப்புகளில் மனநல மருத்துவர்கள் ராபர்ட் ஜே லிஃப்டனும் ஹைம் ஷாட்டனும் போய் உட்கார்ந்தார்கள். ‘ராப் குரூப்’ என்று அதற்குப் பெயர். வெறும் பேச்சுக் கூட்டம். நடத்தியவர்கள் வீரர்கள், மருத்துவர்கள் விருந்தாளிகள் மாதிரிதான். அரசு மருத்துவமனையை நம்பாதவர்கள் அங்கே வந்து பேசினார்கள். 1972இல் ஷாட்டன் இந்தத் துன்பத்தை ‘வியட்நாமுக்குப் பிந்தைய நோய்க்குறி’ என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். 1979இல் மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே, கடைத்தெருக்களில், ‘வெட் சென்டர்’ என்ற ஆலோசனை மையங்களை அரசே திறந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று தமிழில் சொல்லலாம். போரில் பார்த்தது கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வரும். அதை நினைவூட்டும் எதையும் விட்டு மனிதர் விலகி ஓடுவார். உடம்பு எந்நேரமும் காவலில் நிற்கும்.

இதே காலத்தில் போதையைப் பற்றி வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. வியட்நாமில் சிப்பாய்களுக்கு மிகத் தூய ஹெராயின் மலிவாகக் கிடைத்தது. ஊசி போடக்கூட வேண்டாம், சிகரெட்டில் வைத்துப் புகைத்தாலே போதும். இவர்கள் எல்லாரும் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று நிக்சன் அரசு நடுங்கியது. 1971இல் ஜெரோம் ஜாஃபியின் தலைமையில் தனி அலுவலகம் அமைத்தார்கள். சிறுநீரைச் சோதித்த பிறகே வீரர்களை விமானம் ஏற்றினார்கள். திரும்பியவர்களைத் தொடர்ந்து ஆராயும் பொறுப்பு சமூகவியலாளர் லீ ராபின்ஸுக்கு வந்தது. அவர் கண்டது யாரும் எதிர்பாராதது. ஏறக்குறையப் பாதிப்பேர் ஹெராயின், ஓப்பியம் வகைகளைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகியிருந்தார். ஆனால் அப்படி அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5% மட்டுமே. மூன்று ஆண்டுக் கணக்கிலும் 12%தான். பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே விட்டுவிட்டார்கள்.

இடம் மாறினால் போதை போகும் என்று இதிலிருந்து பலர் முடிவு கட்டிக்கொண்டார்கள். பாதி உண்மை. இடத்தோடு ஒட்டியிருந்த போதை இடத்தோடு போயிற்று என்பதுதான் இதற்குச் சரியான பொருள் என்று எனக்குப் படுகிறது. காயத்தோடு ஒட்டிய போதை அப்படிப் போகவில்லை. காயம் வீட்டுக்கு வந்தது, அதுவும் கூடவே வந்தது. 1980களின் கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டு நடத்திய தேசிய ஆய்வில், போர் முடிந்து பத்தாண்டுக்கும் மேலான பிறகும் வியட்நாம் சென்ற ஆண்களில் 15.2% பேருக்குப் பி.டி.எஸ்.டி. இருந்தது. இந்த எண்ணைப் பற்றி இன்றும் சண்டை உண்டு. 2006இல் புரூஸ் டோரன்வென்ட் குழு ராணுவ ஆவணங்களோடு ஒத்துப் பார்த்து அதை 9.1% ஆகக் குறைத்தது. சண்டையில்லாத செய்தி வேறு: அந்த நோய் கொண்ட ஆண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது குடிநோயும் இருந்திருக்கிறது.

ஏன் குடி? இதற்குப் பெரிய கோட்பாடு தேவையில்லை, தூக்கத்தைப் பார்த்தாலே தெரியும். கண்ணை மூடினால் கனவு வரும் என்று பயப்படுகிறவருக்கு இரண்டு ரவுண்டு போட்டால் தூக்கம் வருகிறது. கனவு மிகுந்து வரும் உறக்க நிலையை மது முன்னிரவில் அமுக்கி வைக்கிறது. பின்னிரவில் அது வட்டியோடு திரும்புகிறது. மூன்று மணிக்கு வியர்த்து விழித்தெழுபவர் அடுத்த நாள் ஒரு ரவுண்டு கூட்டிக்கொள்கிறார். நிறுத்திப் பார்த்தால் கை நடுங்குகிறது, எரிச்சல் வருகிறது, சின்ன சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப்போடுகிறது. இது குடி இறங்கும்போது வரும் அவஸ்தையா, போர் நோயா என்று மருத்துவருக்கே பிரித்துச் சொல்வது கடினம். போதை தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் மருந்துச் சீட்டு என்ற கருத்தை எட்வர்ட் கான்ட்ஸியன் 1985இல் விரிவாக முன்வைத்தார். அது எல்லாருக்கும் பொருந்தாது. படைக்குப் போகும் முன்பே குடித்தவர்கள் உண்டு. இவர்களில் பலருக்குப் பொருந்தும்.

மருத்துவமனையிலோ இரண்டு நோய்க்கும் இரண்டு கதவுகள். போதை மறுவாழ்வுப் பிரிவு ஒரு கட்டடத்தில், அதிர்ச்சி நோய்ப் பிரிவு இன்னொன்றில். முதல் கதவில் போரைப் பற்றிப் பேசாதே, அது மறுபடி குடிக்கச் சாக்கு என்பார்கள். இரண்டாம் கதவில் குடிக்காமல் சில மாதம் இருந்து காட்டு, பிறகு பார்க்கலாம் என்பார்கள். இதில் ஒரு பயம் இருந்தது. அதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. மூடிக் கிடக்கும் நினைவைக் கிளறினால் ஆள் தாங்கமாட்டார், நேரே பாட்டிலுக்குப் போவார், சிலர் உயிரையே விடுவார்கள் என்ற பயம். நல்ல மருத்துவர்களுக்கும் இது இருந்தது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். வலி நிற்கத்தான் அவர் குடிக்கிறார். குடி நின்றால்தான் வலியைப் பார்ப்போம் என்கிறது மருத்துவமனை.

கிளறுவது என்றால் என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை வாரம் ஒருமுறை, 90 நிமிடம், எட்டு முதல் பதினைந்து அமர்வு வரை நடக்கும். வீரர் கண்ணை மூடிக்கொண்டு, மிக மோசமான அந்த ஒரு நிகழ்ச்சியை இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். வண்டி எந்தப் பக்கம் திரும்பியது, யார் என்ன சொன்னார், என்ன வாடை அடித்தது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பேச்சைப் பதிவு செய்து கொடுத்துவிடுவார்கள். வீட்டில் தினமும் கேட்க வேண்டும். இன்னொரு பக்கம், விலகி ஓடிய இடங்களுக்குத் திரும்பிப் போகும் பயிற்சி: கூட்டமான சூப்பர் மார்க்கெட்டுக்குப் போ, ஹோட்டலில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார், நெஞ்சு படபடப்பு தானாகத் தணியும்வரை எழுந்துவிடாதே. நினைவு கொல்லாது என்று உடம்புக்கே பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் இதன் சூட்சுமம். ஓடுவதுதான் நோயை வளர்க்கிறது என்றால், குடியும் ஓடுவதில் ஒரு வகைதானே? அப்படியானால் இரண்டையும் ஒரே அறையில் எதிர்கொள்ளாமல் வேறு எப்படி?

2013இல் ஃபோவாவின் குழு ஃபிலடெல்ஃபியாவில் இந்தப் பயத்தை நேரடியாகச் சோதித்த முடிவை வெளியிட்டது. குடிநோயும் பி.டி.எஸ்.டி.யும் சேர்ந்த 165 பேர், அவர்களில் முன்னாள் வீரர்களும் உண்டு. எதிர்கொள்ளல் சிகிச்சை பெற்றவர்கள் அதனால் கூடுதலாகக் குடிக்கவில்லை. குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை குடித்த நாள்களைக் குறைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு சிட்னியில் கேத்ரின் மில்ஸ் குழு, போதை அடிமைகளான 103 பேரிடம் இரண்டையும் சேர்த்த சிகிச்சையைச் செய்து பார்த்திருந்தது. அதிர்ச்சி நோய் குறைந்தது, போதை கூடவில்லை.

அந்தச் சேர்த்த சிகிச்சைக்கு ‘கோப்’ என்று பெயர். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சூடி பேக்கும் உடன் பணியாற்றியவர்களும் வளர்த்தெடுத்தது, 12 அமர்வு. அமர்வின் ஒரு பகுதி போதைக்கு: எந்த நேரத்தில் வேட்கை வருகிறது, சம்பளநாளா, பழைய படைத்தோழனின் போனா, ஜூலை 4 சுதந்திர தினப் பட்டாசுச் சத்தமா? மறு பகுதி நினைவுக்கு. பட்டாசுச் சத்தத்தில் இரண்டும் ஒரே புள்ளியில் சந்திப்பதை வீரர் தானே கண்டுபிடிக்கிறார். சிகிச்சையில் பாதி அதுதான் என்பேன். 2019இல் சான் டியாகோவில் சோன்யா நார்மன் குழு 119 முன்னாள் வீரர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு இந்தச் சேர்த்த எதிர்கொள்ளல் சிகிச்சை. மறு பாதிக்கு ‘சீக்கிங் சேஃப்டி’, அதாவது பாதுகாப்பைத் தேடல்.

இந்த இரண்டாவது, லிசா நஜாவிட்ஸ் எழுதியது. 25 தலைப்புகள், கடந்ததைத் தோண்டுவதில்லை. மனம் கொதிக்கும்போது தரையில் கால் ஊன்றிச் சுற்றிலும் உள்ள பொருள்களை எண்ணுவது, உதவி கேட்பது, உடம்பைப் பார்த்துக்கொள்வது, பொய் சொல்லாமல் இருப்பது என்று இன்றைய நாளைக் கடக்கும் கலைகள். குழுவாகவும் நடத்தலாம், மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. அதனால் அமெரிக்கா முழுக்கப் பரவியது. சான் டியாகோவில் குடி இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்தது. அதிர்ச்சி நோய் மட்டும் எதிர்கொண்டவர்களுக்கே அதிகம் தணிந்தது. பூட்டி வைத்த அறையைத் திறந்தால் வீடே இடியும் என்ற பயத்துக்கு, வீரர்களைக் கொண்டே செய்த ஆய்வில் கிடைத்த தெளிவான மறுப்பு அது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. பெட்ரீஷியா ரெசிக் வகுத்த எண்ணச் சீராய்வுச் சிகிச்சை, இதுவும் 12 அமர்வு. நிகழ்ச்சியை விடவும் அதைப் பற்றி மனம் கட்டிக்கொண்ட தீர்ப்பைத் தொடுவது. ‘அந்தச் சாலையை நான் இன்னொரு முறை பார்த்திருந்தால் அவன் செத்திருக்க மாட்டான்.’ இப்படி மனம் சிக்கி நிற்கும் வாக்கியத்தைக் காகிதத்தில் எழுதி, அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று விசாரிப்பார்கள். ‘ஒரு ரவுண்டு இல்லாமல் என்னால் தூங்க முடியாது’ என்பதும் இதே வகையில் விசாரிக்கப்பட வேண்டிய வாக்கியம்தான்.

2017இல் அமெரிக்க ராணுவமும் முன்னாள் படைவீரர் துறையும் வெளியிட்ட வழிகாட்டி நெறி, வேறு நோய் சேர்ந்திருப்பதைக் காட்டி யாருக்கும் பி.டி.எஸ்.டி. சிகிச்சையை மறுக்கக் கூடாது என்றது. ஹேலி சிரிப்புக்கு ஆளாகி 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தோடு நிறுத்தினால் வெற்றிக் கதை ஆகிவிடும். அப்படி இல்லை. 2015இல் மரியா ஸ்டீன்காம்ப் குழு, படைவீரர்களிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றாகப் பரிசீலித்தது. எதிர்கொள்ளல், எண்ணச் சீராய்வு ஆகிய இந்தச் சிறந்த சிகிச்சைகளுக்குப் பிறகும் மூன்றில் இரண்டு பேருக்கு அந்த நோய் இருக்கிறது என்றே சொல்ல வேண்டியிருந்தது. நிவாரணம் கிடைத்தது பலருக்கு, குணம் கிடைத்தது சிலருக்கு. 2022இல் வெளியான பெரிய ஆய்வில் 17 மருத்துவமனைகளில் 916 வீரர்கள் சேர்ந்தார்கள். எதிர்கொள்ளல் சிகிச்சையில் 55.8% பேரும் எண்ணச் சீராய்வில் 46.6% பேரும் பாதியில் நின்றுவிட்டார்கள். போதையும் சேர்ந்தவர்களிடம் கைவிடுவது பொதுவாகவே அதிகம். ஒரு நாள் குடித்துவிட்டால் வெட்கத்தில் அடுத்த வாரம் வரமாட்டார். வராதவரை நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று கோப்பில் எழுதி மூடிவிடுவது சுலபம். குடித்துவிட்ட வாரத்திலும் வரலாம் என்று வாசலில் எழுதிப் போடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது என் கட்சி.

பயம் இல்லாத காயத்தை என்ன செய்வது என்பது இன்னும் கடினமான கேள்வி. நினைவு கொல்லாது என்று உடம்புக்குக் கற்றுக்கொடுக்கலாம். தான் கொன்றதை என்ன செய்வது? பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜோனத்தன் ஷே, 1994இல் எழுதிய ‘அக்கிலீஸ் இன் வியட்நாம்’ நூலில் ஹோமரின் காவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பேசினார். தளபதியே அறத்தைக் காட்டிக்கொடுக்கும்போது சிப்பாயின் குணமே உடைகிறது என்றார். 2009இல் பிரெட் லிட்ஸ் குழு இதை ‘அறக்காயம்’ என்ற பொருளில் ஆய்வுக்குரிய கருத்தாக வளர்த்தது. தன் குற்றத்துக்குத் தண்டனையாகவே குடிப்பவரிடம், உன் எண்ணம் தவறு என்று சொல்லிப் பயனில்லை. சில சமயம் அவர் எண்ணம் சரிதான். மை லாய் பற்றிப் பேசிய அந்தச் சிப்பாய் சுடவில்லை. சுட்டவர்களும் ஏதோ ஒரு மருத்துவமனையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

காயம் போர்முனையில்தான் பட வேண்டும் என்பதும் இல்லை. படையில் பாலியல் வன்முறைக்கோ சீண்டலுக்கோ ஆளானதாக அமெரிக்க முன்னாள் பெண் வீரர்களில் மூன்றில் ஒருவர் மருத்துவரிடம் சொல்கிறார். எதிரி தன் முகாமிலேயே இருந்த கதை அது.

போதை பாட்டிலிலிருந்து மட்டும் வரவில்லை. 2012இல் கேரன் சீல் வெளியிட்ட ஆய்வு, உடல்வலியோடு இராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய 1,41,029 பேரின் பதிவுகளைப் பார்த்தது. மனநோய் இல்லாதவர்களில் 6.5% பேருக்கு ஓப்பியம் வகை வலிமாத்திரை எழுதப்பட்டிருந்தது; பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் 17.8% பேருக்கு. அடிமையாகும் வாய்ப்பு யாருக்கு அதிகமோ அவருக்கே அதிகம். கொடுத்தது அரசு மருத்துவர். விஸ்கான்சினில் டோமா என்ற ஊரின் மருத்துவமனைக்கு ‘மிட்டாய் நாடு’ என்ற பொருளில் பட்டப்பெயரே வந்தது, அது 2015இல் நாடறிந்த ஊழலாக வெடித்தது.

அதே முன்னாள் படைவீரர் துறை 2011 முதல் இன்னொன்றும் செய்கிறது. கோகெயின் போன்ற போதையை விட முயல்பவர் வாரம் இருமுறை சிறுநீர் கொடுக்க வேண்டும். சுத்தமாக இருந்தால் ஒரு கண்ணாடிக் குடுவையில் கைவிட்டுச் சீட்டு எடுக்கலாம். பாதிச் சீட்டில் சபாஷ் என்று மட்டும் இருக்கும். மீதியில் ஒரு டாலர், அபூர்வமாக இருபது, ஒரே ஒரு சீட்டில் நூறு. காசாகத் தரமாட்டார்கள், முன்னாள் வீரர்களின் கேன்டீனில் செலவழிக்கும் கூப்பனாகத் தருவார்கள். கேலிக்கூத்து மாதிரி இருந்தாலும், ஊக்கப்போதைப் பொருள்களுக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் பேச்சு சிகிச்சை இதுவரை இல்லை.

கேன்டீன் என்றதும் தமிழ் வாசகருக்கு வேறொன்று நினைவு வரும். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி, பெரும்பாலான வீடுகளில் ஒருவராவது படையில் இருந்த ஊர்கள் நமக்கு உண்டு. கார்கிலும் காஷ்மீரும் இலங்கையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஓய்வுபெற்றவருக்கு கேன்டீன் கார்டில் மாதாமாதம் மலிவு விலையில் ரம் கிடைக்கிறது. ‘மிலிட்டரி சரக்கு’ என்று அக்கம்பக்கத்தில் அதற்கு மரியாதை வேறு. ராத்திரி அவர் ஏன் கத்திக்கொண்டு எழுந்திருக்கிறார் என்பதை வீட்டுக்காரம்மா மட்டும் அறிவார்; குடித்துவிட்டுக் கத்துகிறார் என்று ஊர் சொல்லிவிடும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நடுவண் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். படையில் பணியில் இருப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்குமாக 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் இதன் தனிப்பிரிவும் தொடங்கியது. அவர் குடியை நிறுத்தட்டும், பிறகு அழைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.